மாத நடுவில் ஒரு துளி: பன்னிரண்டு நாள் கணக்கின் கதை

தொல்காப்பியம் கற்பியலில் ஒரு விதி உண்டு. கணவன் பரத்தையிடம் போய்விட்டாலும் சரி, மனைவிக்குப் பூப்பு வந்தபின் பன்னிரண்டு நாள் அவளைப் பிரிந்திருக்கக் கூடாது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைக் கருத்தரிப்போடு சேர்த்துத்தான் விளக்குகிறார். முதல் மூன்று நாள் சேர்க்கை வேண்டாம் என்கிறார். சுசுருத சம்ஹிதையும் பன்னிரண்டு இரவுதான் சொல்கிறது. மனு பதினாறு என்கிறார்.

இந்தக் கணக்கு எவ்வளவு சரி? 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சுமார் 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக 9 முதல் 14 வரைதான் முக்கியமான நாட்கள். மூன்று நாள் தள்ளிப் பன்னிரண்டு எண்ணினால் 15ஆம் நாள் வரும். பழைய கணக்கு பிழைக்கிறது. ஆனால் 35 நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குத் தூரமாகிறவருக்கு முட்டை வருவதே ஏறக்குறைய 21ஆம் நாள். அவருக்கு அந்த விதி உதவாது.

ஐரோப்பிய மருத்துவம் இதைவிட மோசமாகக் குழம்பியது. 1840களில் ஜெர்மனியில் பிஷோஃப், பிரான்சில் பூஷே போன்றவர்கள் விலங்குகளைப் பார்த்துவிட்டு, பெண்ணின் மாதவிலக்கும் நாயின் பருவ ரத்தமும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்தார்கள். விளைவு? மாதவிலக்கை ஒட்டிய நாள்தான் கரு தரிக்கும் நாள், மாத நடுப்பகுதி 'பாதுகாப்பான' நாள் என்று பல மருத்துவர்கள் தலைகீழாகச் சொல்லிவந்தார்கள். 1924இல் ஜப்பானின் ஓகினோவும், 1928இல் ஆஸ்திரியாவின் க்னாஸும் தனித்தனியாக ஆராய்ந்து, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் முட்டை வெளிவருகிறது என்று காட்டினார்கள். முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ணணும். அவ்வளவுதான் சங்கதி, அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆச்சு.

சேலம், நாமக்கல் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் பேசினால் இன்னொரு ரத்தம் பற்றித் தெரியும். காளைக்குக் கத்தி அடங்கி ஒன்று முதல் மூன்று நாளில் சில கிடேரிகளுக்கு வாலில் ரத்தக்கறை இருக்கும். "பருவம் தாண்டிருச்சு, இனி அடுத்த தடவைதான்" என்பார்கள். நாய்க்கு ரத்தம் முட்டைக்கு முன்னால், மாட்டுக்குப் பின்னால். பெண்ணின் மாதவிலக்கு இரண்டும் இல்லை. கரு தங்காததால் கர்ப்பப்பையின் உள்படலம் உதிர்வது.

ஆனால் சில பெண்களுக்கு மாத நடுவிலும் லேசாக ஒரு துளி படும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, ஒன்றிரண்டு நாள். முட்டை வெளிவரும் சமயம் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று இறங்கும்; அதனால் உள்படலம் கொஞ்சம் கசிகிறது. கிடேரியின் ரத்தத்துக்கும் இதே ஹார்மோன் இறக்கம்தான் காரணம்! இப்படிப்பட்ட கசிவு கருத்தரிக்கத் தடையே இல்லை. சொல்லப்போனால் அது நல்ல நாட்களை ஒட்டியே வருகிறது.

இங்கேதான் சிக்கல். ரத்தம் பட்டாலே தீட்டு, விலகிப் படு என்கிற வீட்டில், குழந்தைக்கு ஏங்கும் பெண் எந்த நாளில் விலக்கப்படுகிறாள்? கருத்தரிக்க வாய்ப்புள்ள அதே நாளில். கற்பனை இல்லை. யூத சமய விதிப்படி ரத்தம் நின்றபின் ஏழு நாள் விலகியிருக்கும் பெண்களில், சுழற்சி குறுகியவர்களுக்கு விலக்கு முடிவதற்குள் முட்டை வந்து போய்விடுகிறது. இதற்காகவே மருத்துவர்களிடம் வருபவர்கள் உண்டு. நம் ஊர்க் கணக்கை யாரும் கேட்டதில்லை. "நாள் தள்ளிப்போச்சா?" என்று மட்டும் மாதாமாதம் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் பாரம் என்னவென்று அறியத் திருச்செங்கோடு மலைக்குப் போகலாம். உச்சியில் வறடிக்கல் என்ற பாறை. பிள்ளை வரம் வேண்டி அதன் விளிம்பைச் சுற்றி வருவது வழக்கம், பக்கத்தில் பள்ளம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் பொன்னா அதைச் சுற்றுகிறாள். நாவல் மீதான சர்ச்சையும் 2016 ஜூலையில் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பும் பலருக்குத் தெரியும். எனக்கு அதில் உறைத்தது 'வறடி' என்ற சொல்தான். அது பெண்ணுக்கு மட்டுமே. அதே மலைக்கோயிலில் இருப்பதோ பாதி ஆண், பாதி பெண்ணான அர்த்தநாரீசுவரர்! குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது என்கிறது இன்றைய மருத்துவம். விந்துப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது, செலவும் குறைவு. ஆனாலும் பெரும்பாலும் அது கடைசியாகத்தான் நடக்கிறது.

வாசிப்பவர்களில் முயற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுமாதக் கசிவை மட்டும் வைத்து நாள் குறிக்காதீர்கள். கருப்பை வாயில் புண், சதை வளர்ச்சி, தொற்று, தைராய்டு, மாத்திரை என வேறு காரணங்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்தாலோ, அதிகமாகப் போனாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ காட்டிவிடுவது நல்லது. ஓராண்டு முயன்றும் தங்கவில்லை என்றால், 35 வயது தாண்டியவர் ஆறு மாதத்திலேயே, மருத்துவரிடம் போங்கள். ரெண்டு பேருமாப் போங்க. தொல்காப்பியர்கூட அந்த விதியை மனைவிக்குச் சொல்லவில்லை, கணவனுக்குத்தான் சொன்னார்.