கோழியின் உள்ளங்கால்

சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஏழெட்டு நாட்டுக் கோழிகள் உண்டு. சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைக்கும் முன் பாட்டி ஒவ்வொன்றாகப் பிடித்து, முதலில் காலைத்தான் திருப்பிப் பார்ப்பாள். "கொண்டையைப் பார்க்காம காலை ஏன் பாக்குற?" என்று ஒருநாள் கேட்டேன். "நடக்குறது காலுலதானேடா" என்றாள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால், வேப்பெண்ணெய் தடவி அந்தக் கோழியைத் தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு பிரெஞ்சில் கிடைப்பதையெல்லாம் படிப்பதே பொழுதுபோக்கு. அப்படித்தான் பாட்டியின் வைத்தியத்துக்கு விளக்கம் கிடைத்தது. செதிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி குடைந்து வாழ்கிறது. 1859-இல் ஷார்ல் ரோபேன் என்ற பிரெஞ்சு அறிஞரும் லாங்க்தேன் என்பவரும் அதை விவரித்து எழுதினார்கள். எண்ணெய் அந்தப் பூச்சியின் மூச்சை அடைத்துவிடும். பாட்டி ரோபேனைப் படித்ததில்லை, காலைப் படித்திருந்தாள்.

பாட்டியின் கோழிகள் மண்ணைக் கிளறித் திரிந்தவை. பிராய்லர் கோழியின் கதை வேறு. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் வளர்ந்து, ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். உடம்பு கனக்கக் கனக்க நடப்பது குறைந்து, பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். கீழே பரப்பிய மரத்தூளோ உமியோதான் அதற்குத் தரை. நம் பண்ணைக்காரர்கள் ஆழ்கூளம் என்பார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், காற்றோட்டம் குறைந்தாலும், தீவனம் ஒத்துக்கொள்ளாமல் எச்சம் நீர்த்துப் போனாலும் கூளம் ஈரமாகும். ஈரக் கூளத்தில் நின்றும் உட்கார்ந்தும் இருந்தால் உள்ளங்காலின் தோல் முதலில் நிறம் மாறும். பிறகு கருத்துப் பொருக்குத் தட்டும். கடைசியில் குழிப்புண் ஆகும். முழங்கால்போல் தெரியும் மூட்டிலும், நெஞ்சிலும்கூட இப்படித் தோல் வெந்துபோகும்.

இறைச்சி கடைக்கு வரும்போது கால் வெட்டப்பட்டிருக்கும். வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஆக, சாட்சி கசாப்புக் கூடத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்தச் சாட்சியை விசாரித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1994-இல் அங்கே பாத நலத் திட்டம் ஒன்று தொடங்கியது. வெட்டுக்கு வரும் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் கால்களை எடுத்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். புண் இல்லையென்றால் 0, மேலோட்டமாக இருந்தால் 1, ஆழமான புண் என்றால் 2. டென்மார்க் 2001-இல் இதையொத்த முறையைச் சட்டத்திலேயே வைத்தது. அவர்கள் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 100 கால்கள் பார்ப்பார்கள். லேசான புண்ணுக்கு அரைப் புள்ளி, ஆழமான புண்ணுக்கு 2 புள்ளி. மொத்தம் 40-க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் பண்ணைக்காரருக்கு எச்சரிக்கை. 80-ஐத் தாண்டினால் அதிகாரிகள் தலையிடுவார்கள். உதாரணமாக 20 கால்களில் லேசான புண், 20 கால்களில் ஆழமான புண் என்றால் 10-ம் 40-ம் சேர்ந்து 50; எச்சரிக்கை வந்துவிடும்.

ஸ்வீடனில் மதிப்பெண் மோசமானால் அடுத்த முறை அதே கொட்டகையில் குறைவான கோழிகளைத்தான் விட முடியும். வருமானத்தில் கை வைத்ததும் ஒழுகும் குழாய்கள் சரிசெய்யப்பட்டன, கூளம் காய்ந்தது, புண்கள் குறைந்தன. பிறகு 2007-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பிராய்லருக்கு விதி கொண்டுவந்தது. சதுர மீட்டருக்குச் சாதாரணமாக 33 கிலோ, நிபந்தனைகளோடு அதிகபட்சம் 42 கிலோ உயிரெடை. கசாப்புக் கூடத்தில் தோல் புண்கள் அளவுக்கு மீறித் தெரிகின்றனவா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1919-இலிருந்தே கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2019 கணக்கில் கோழியினங்கள் மட்டும் 85 கோடிக்கு மேல். பணியில் இருந்தபோது ஒருமுறை அந்தத் தாள்களைக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு தாளின் ஓரத்தில், கணக்கெடுக்கப் போனவர் பென்சிலால், "பாதிக் கோழிக்குக் காலில் புண்" என்று எழுதியிருந்தார். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் கூட்டி மேலே அனுப்பினேன். தாள் அழகாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஸ்வீடன்காரர் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார். நான் ஓரத்தில் இருந்த ஒரு வரியையும் அழித்தேன். இருவரும் செய்தது குமாஸ்தா வேலைதான். அன்று அந்த வரியைத் தனித்தாளில் எழுதி இணைத்து அனுப்பியிருக்கலாம். யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள்.

உங்களில் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இருந்தால், இன்று சாயங்காலம் அடைக்கும்போது ஒருமுறை காலைத் திருப்பிப் பாருங்கள். பாட்டி அதைத் தினமும் செய்தாள்.