பழைய காரில் காற்றுப்பை இருக்கிறதா? பரிசோதனையில் தேறினால் மட்டும் போதுமா?

10 ஆண்டு முடியப்போகும் காரை விற்பதா, வைத்துக்கொள்வதா? சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்டது. பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி. அந்த விலையைப் பார்த்துவிட்டு, "இருக்கிற வண்டியே போதும்ப்பா" என்று சொன்னவர்களைக் குறைசொல்ல முடியாது. சான்றிதழை 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பித்துக்கொள்ளலாம்.

சான்றிதழுக்கு வயது திரும்பிவிடும். காருக்குத் திரும்பாது. அதிலும் நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒரு பாகம் காற்றுப்பை (ஏர்பேக்). பல ஆண்டுகள் சும்மா இருந்து, ஒரே ஒரு நொடியில் வேலை செய்யவேண்டிய பொருள் அது.

கட்டாயப் பரிசோதனை எப்போது?

கார் பதிவாகி 3 ஆண்டு ஆகும்வரை கட்டாயப் பரிசோதனை இல்லை. 3 முதல் 10 ஆண்டுவரை ஈராண்டுக்கு ஒருமுறை. 10 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி நிலையங்களில் அதைச் செய்யலாம். தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும்.

பிரேக், விளக்கு, புகை, சக்கரம், வண்டியின் அடிப்பாகம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் எந்த நாட்டுப் பரிசோதனையாக இருந்தாலும், ஸ்டியரிங்கைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆகவே தேர்ச்சிச் சான்றிதழ் என்பது அன்றைக்கு வண்டி இருந்த நிலைக்கான சான்று. காற்றுப்பை விரியும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

பிரிட்டனில் ஆண்டுப் பரிசோதனையின்போது காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ, முதலில் இருந்த காற்றுப்பை காணாமல்போயிருந்தாலோ கார் தேறாது. ஜப்பானிலும் எச்சரிக்கை விளக்கு எரியும் வாகனங்களை 2017 முதல் தேர்ச்சிபெற விடுவதில்லை.

காற்றுப்பை எப்படிக் காணாமல் போகும்?

ஒருமுறை விரிந்த காற்றுப்பையை மடித்துத் திரும்ப வைக்க முடியாது. புதிதுதான் போடவேண்டும். அதோடு உணர்கருவி, கட்டுப்பாட்டுக் கணினி, இருக்கை வாரை இறுக்கும் கருவி என்று பட்டியல் நீளும். விபத்தில் அடிபட்ட பழைய காருக்கு அவ்வளவு செலவு செய்ய மனம் வராத சிலர், வெறும் மூடியை மட்டும் பொருத்தி விற்றுவிடுகிறார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. உலகின் பல நாடுகளில் நடக்கும் மோசடி இது.

இன்னொரு வகை, போலிக் காற்றுப்பை. மலிவான, தரமற்ற காற்றுப்பைக் கருவிகள் உயிரைப் பறித்திருப்பதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024ல் எச்சரித்தது.

அழகுக்காகப் பந்தய ஸ்டியரிங் மாற்றுவதையும் சொல்லவேண்டும். பழைய ஸ்டியரிங் போகும்போது அதற்குள் இருக்கும் காற்றுப்பையும் சேர்ந்தே போய்விடுகிறது.

நீங்களே பார்க்கலாம்

இதற்குப் பட்டறை வேண்டாம். தேக்காவில் காரை நிறுத்திவிட்டு இறங்குவதற்கு முன்பே செய்துபார்க்கலாம்.

இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒரு வட்டம் இருப்பதுபோன்ற சிவப்பு விளக்கு எரியும். சில விநாடிகளில் அது தானாக அணையவேண்டும்.

அணையவே இல்லையா? எங்கோ கோளாறு.

எரியவே இல்லையா? அது இன்னும் மோசம். விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது. இன்ஜினைக் கிளப்பினால்தான் விளக்கு அணைகிறதா? அப்படியென்றால் அந்தக் கம்பியை எண்ணெய் விளக்கோடோ மின்கல விளக்கோடோ இணைத்திருக்க வாய்ப்புண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதற்காகச் செய்யும் வேலை.

விளக்கு சரியாக இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. காற்றுப்பை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறிய மின்தடையைப் பொருத்திக் கணினியை ஏமாற்ற முடியும். அதனால் வேறு தடயங்களையும் பாருங்கள். ஸ்டியரிங் மூடியின் நிறம் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகிறதா? பயணி பக்க டாஷ்போர்டில் வெட்டியதற்கோ ஒட்டியதற்கோ அடையாளம் உண்டா? இருக்கை வாரை முழுவதும் இழுத்து, அடியில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். உற்பத்தி ஆண்டு காரின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் வாரை மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இடையில் ஒரு விஷயம். பயணி பக்க டாஷ்போர்டில் பிள்ளையார் சிலையையும் வாசனைப் புட்டியையும் ஒட்டிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காற்றுப்பை மூடி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது வெடித்துத் திறக்கும்போது மேலே இருப்பது முகத்தை நோக்கிப் பாயும். சாமியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இருந்தும் ஆபத்து: டக்காட்டா

காற்றுப்பை இல்லாதது ஒரு பிரச்சினை. பழுதடைந்த காற்றுப்பை இருப்பது வேறு பிரச்சினை.

ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் காற்றுப்பையை விரியவைக்க அமோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் சேரும்போது அது சிதைகிறது. பிறகு விபத்து நேர்ந்தால் தேவைக்கு அதிகமான வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே உடைத்துவிடும். சில்லுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உலகெங்கும் 30க்கும் அதிகமானோர் மாண்டனர். சுமார் 10 கோடிக் கருவிகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. நிறுவனம் 2017 ஜூனில் நொடித்துப்போனது.

அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் நம் அண்டை வீட்டில்தான் நடந்தது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரை ஓட்டிய கர்ப்பிணி ஒருவர் உயிரிழந்தார். ஆண்டு முழுவதும் வெயில், மழை, புழுக்கம்: சிபுவின் பருவநிலைக்கும் நம்முடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "அது வெளிநாட்டுச் செய்தி" என்று ஒதுக்கிவிட முடியாது.

மீட்பு அறிவிப்பு வந்த காரைச் சரிசெய்யாவிட்டால் பரிசோதனையில் தேறவிடுவதில்லை என்று, ஆபத்து அதிகமுள்ள டக்காட்டா வாகனங்களுக்கு ஜப்பான் 2018 மே மாதம் விதி கொண்டுவந்தது.

இறக்குமதிக் காருக்கு ஏன் கூடுதல் கவனம்?

நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் காரும் இறக்குமதிதான். ஆனால் 3 வயதைத் தாண்டிய காரைக் கொண்டுவந்து சாதாரணக் காராகப் பதிவுசெய்ய முடியாது. அப்படியானால் சாலையில் ஓடும் 14 வயது ஜப்பானிய வண்டி? புதிதாகவோ ஏறக்குறைய புதிதாகவோ வந்து, இங்கேயே வயதானது அது.

அதிகாரபூர்வ முகவரிடம் வாங்கிய காருக்கு மீட்பு அறிவிப்பு வந்துசேர வழி இருக்கிறது. தனி இறக்குமதியாளர் விற்ற வண்டி மூன்று, நான்கு கை மாறியிருக்கும். விற்றவர் கடையை மூடியிருக்கவும் கூடும். கடிதத்துக்குக் காத்திராமல் 'ஒன்மோட்டரிங்' இணையத்தளத்தில் உங்கள் காருக்கு மீட்பு அறிவிப்பு உண்டா என்று நீங்களே பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கார்களின் சட்ட எண் வழக்கமான 17 இலக்கத்தில் இருக்காது. அதை மற்ற நாட்டுத் தளங்கள் ஏற்காது. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில்தான் தேடவேண்டும். மீட்பு நடவடிக்கையில் பழுதான பாகத்தை இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

வாங்கும் முன்பா, பின்பா?

முன்பு பார்ப்பதே நல்லது. கட்டாயப் பரிசோதனை வேறு, பழைய கார் மதிப்பீடு வேறு. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. விபத்தின் தடயம் இருக்கிறதா, காற்றுப்பைக் கணினியில் கோளாறு பதிவாகியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே ஒரு பதில்.

2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர் பொறுப்பு. தகராறு என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளிவரை உள்ள கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, வணிகரிடம் வாங்கினால் மட்டுமே. நண்பரிடமோ இணைய விளம்பரம் போட்ட தனிநபரிடமோ வாங்கினால் 'லெமன்' சட்டம் கைகொடுக்காது.