நினைவும் சமயச் சமூகமும்

சமயச் சமூகம் நினைவை உருவாக்குகிறதா, நினைவு சமூகத்தை உருவாக்குகிறதா? யூதர் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

ஜெருசலேமின் முதல் ஆலயத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எரித்தனர். பின்னர் எழுந்த இரண்டாம் ஆலயத்தைக் கி.பி. 70இல் டைட்டஸ் தலைமையில் வந்த ரோமப்படை அழித்தது. முதல் அழிவு நிகழ்ந்த நாளை விவிலியத்தின் அரசர் நூல் ஐந்தாம் திங்களின் ஏழாம் நாள் என்கிறது. எரேமியா நூலோ பத்தாம் நாள் என்கிறது. ஆனால், கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டநூல், இரண்டு ஆலயங்களும் அத்திங்களின் ஒன்பதாம் நாளிலேயே அழிந்தன என்று உரைக்கிறது. ஆறு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு துயரங்களை ஒரே நாளில் சமூகம் இணைத்துக் கொண்டது. இது நினைவைச் சமூகம் வனைந்த விதம்.

அந்நாளில் உண்ணாநோன்பு இருந்து, தரையிலமர்ந்து புலம்பற்பாக்களை ஓதுவது வழக்கமாயிற்று. ஆலயமும் அரசும் இன்றிப் பல நாடுகளில் சிதறிய மக்களை இத்தகைய வழக்கங்களே ஒரே மக்களாக நிறுத்தின. பாஸ்காப் பண்டிகை இரவில் வீட்டின் இளங்குழந்தை வினா எழுப்ப, பெரியோர் எகிப்திலிருந்து மீண்ட கதையைச் சொல்வர். வீடே பள்ளியாயிற்று. இது சமூகத்தை நினைவு வனைந்த விதம்.

நினைவுக்கு மறதியும் துணை நிற்கிறது. ஆலயம் வீழ்ந்த சில ஆண்டுகளில், மசாடா மலைக்கோட்டையில் முற்றுகையிடப்பட்ட 960 பேர் ரோமரிடம் சிக்காமல் தம் உயிரை மாய்த்துக் கொண்டனர் என்று யோசேபஸ் எழுதினார். ஆயினும் தல்மூத் அதனைப் பற்றிப் பேசவேயில்லை. ஆலயம் இழந்தபின் கல்வியாலும் வழிபாட்டாலும் வாழ முனைந்த குருமார்க்கு, சாவைப் போற்றும் கதை தேவைப்படவில்லை என்று கொள்ள இடமுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் நாடொன்றை அமைக்க முனைந்தோர்க்கோ அக்கதை தேவைப்பட்டது. 1927இல் ஐசக் லாம்டன் அதனைக் காவியப் பொருளாக்கினார். 1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் அங்கே அகழாய்வு நடத்தினார். படைவீரர் அக்குன்றின்மீது உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் தோன்றியது. பின்னாளில், தம்மை மாய்த்துக் கொண்டோரை முன்மாதிரியாகக் கொள்வது தகுமா என்ற கேள்வி அந்நாட்டு அறிஞரிடையே எழுந்தது.

மலையும் மாறவில்லை, யோசேபஸின் நூலும் மாறவில்லை, மக்களின் தேவையே மாறிற்று. ஆகவே, வரலாறு கற்பிப்போர் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘யார் நினைத்தனர், யார் மறந்தனர், எதற்காக?’ என்றும் மாணவரைக் கேட்கப் பழக்குதல் வேண்டும். தன் நினைவுகளை இவ்வாறு ஆராயும் சமூகமே, அவற்றுக்கு அடிமையாகாமல் அவற்றைப் போற்றிக் காக்கவல்லது.