முத்துக்கடல் கற்பிக்கும் பாடம்

நாம் வாழும் இக்குடியிருப்பின் பெயரைக் கடித உறைகளிலும் விண்ணப்பங்களிலும் எத்தனையோ முறை எழுதுகிறோம். 'மோதி பாக்' என்னும் அவ்விந்திச் சொற்களுக்கு 'முத்துத் தோட்டம்' என்பது பொருள் என்பதை நின்று நினைப்பவர் நம்மில் சிலரே ஆவர். முத்து விளைவது கடலில். தில்லிக்கோ கடல் நெடுந்தொலைவு. ஆயினும் உலகம் புகழ முத்து விளைந்த கடலொன்று நம் தமிழகத்தின் கரையை அடுத்தே உள்ளது. அதன் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் சிறிது எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

தமிழகத்தின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் நடுவே பரந்து கிடப்பது மன்னார் வளைகுடா. அதன் கரையில் பாண்டியர்தம் துறைமுகமாக விளங்கியது கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், பாண்டியர்க்குரிய இத்துறையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கே கடலில் மூழ்கப் பணிக்கப்பட்டனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. உரோமாபுரிச் செல்வர்கள் அணிந்து மகிழ்ந்த முத்துக்குப் பின்னே இத்தகைய துன்பமும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கரை விலகிவிட, அந்தக் கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி ஒரு சிற்றூராய் நிற்கின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு உரியது என்று எழுதுகிறார். சுறாமீன்கள் அணுகாதபடி மந்திரம் ஓதியவர்க்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாம். இவர்களைக் 'கடல்கட்டி' என்று நம்மவர் அழைத்தனர். பின்னர்ப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658ஆம் ஆண்டில் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் இக்கடலின் மீது உரிமை கொண்டாடினர். ஆட்சிகள் மாறினும், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கியவர்கள் பெரும்பாலும் பரதவரும் மற்றக் கரையோர மக்களுமே ஆவர். ஆங்கிலேயர் ஆட்சியில், எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. எஞ்சிய இரு பங்கு அரசாங்கத்துக்கு.

இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முத்துக் குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறும் அறுவடை அன்று. கடலடியில் சிப்பிகள் தங்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். அதிகாரிகள் முதலில் பார்களை ஆராய்வர். சில சிப்பிகளை எடுத்துவரச் செய்து, அவற்றின் வயதையும், அவற்றில் கிடைக்கும் முத்தின் மதிப்பையும் கணக்கிடுவர். முதிர்ந்த சிப்பிகள் போதிய அளவில் இருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிக்கப்படும். இல்லையேல் கடலுக்கு ஓய்வு. பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே நடவாத காலங்களும் இருந்தன. சங்கு எடுப்பதிலும் இவ்வாறே ஒரு வரம்பு இருந்தது. வங்காளத்து மங்கையரின் கைவளைகளுக்காக ஏற்றுமதியான சங்குகளில், குறித்த அளவுக்குச் சிறியவற்றை மீண்டும் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. இவ்விதிகளை வகுத்தவர்கள் கடலின் மீது கொண்ட அன்பினால் வகுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை; அடுத்த அறுவடையின் வருவாயே அவர்கள் நோக்கம். எனினும், எடுக்க வேண்டுமானால் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இயற்கை எப்போதும் கணக்குக்கு அடங்கும் என்பதும் இல்லை. இதே வளைகுடாவின் இலங்கைப் பகுதியில், 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிச் சிப்பிகளுக்குமேல் எடுக்கப்பட்டன. அவ்விளைச்சலைக் கண்டு, 1906ஆம் ஆண்டில் இலண்டன் நிறுவனம் ஒன்று அப்பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றது. 1907ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் பார்களில் சிப்பி இல்லை. கடலின் ஏற்றத்தாழ்வும் இதற்குக் காரணமாகலாம். அளவின்றி அள்ளியதும் காரணமாகலாம். எதுவாயினும், ஓராண்டின் செழிப்பை நம்பி இருபது ஆண்டுக்குக் கணக்கிட்டவர்கள் ஏமாந்தனர்.

தூத்துக்குடியில் 1955ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் முத்துக் குளிப்பு நடைபெற்றது. 1961ஆம் ஆண்டில் நடந்ததே இறுதியானது; அதன்பின் குளிக்கத்தக்க அளவில் சிப்பிகள் திரளவில்லை. 1947ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று மண்டபத்தில் வளர்ந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சிப்பியினுள் முத்தை வளர்த்துக் காட்டி வெற்றி பெற்றனர். ஆயினும் பார்களில் தானாக விளைந்த பழைய வளம் திரும்பவில்லை.

முத்துக்குக் காத்திருந்த நாம் பவளத்துக்குக் காத்திருக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை இருபத்தொரு சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பவை. மீன்கள் குஞ்சு வளர்க்கும் தொட்டில்களும் அவையே. ஆனால் சுண்ணாம்புக்கும், கட்டடங்களுக்கும், கால்சியம் கார்பைடு செய்யும் தொழிலுக்கும் இப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. பவளம் மிக மெல்ல வளர்வது; ஒரு நாளில் பெயர்த்ததை ஓர் ஆயுளில் திரும்பப் பெற இயலாது. பாறை போனபின் அலைக்குத் தடையில்லை. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மறைந்தன. தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. அதனைக் காப்பதற்காக 2015ஆம் ஆண்டு முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வருகின்றனர். இலவசமாகக் கிடைத்த அரணை இடித்துவிட்டு, பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் எழுப்புகிறோம்.

காவலும் பிறந்தது. 1986ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சூழ்கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989ஆம் ஆண்டில் 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இடம்பெற்றது. இவையனைத்தும் போற்றத்தக்கவை.

எனினும் சட்டம் எழுதுவோர் கரையில் வாழ்வோரை மறந்துவிடலாகாது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையூர்களில், தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வாழும் மகளிர் பலர் உளர். தீவுகள் பூங்காவானதும், அவர்தம் அன்றாடத் தொழிலே குற்றமாயிற்று. வனத்துறையோடு இழுபறி நீண்டது. பின்னர் அம்மகளிர் தாமே கூடிப் பேசி, தமக்கு ஒரு வரம்பை விதித்துக்கொண்டனர்: மாதத்தில் பன்னிரண்டு நாட்களே பாசி எடுப்பது, மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் முற்றும் நிறுத்திவிடுவது. முன்னாளில் அரசாங்கம் வருவாய்க்காக வகுத்த காத்திருப்பை இன்று ஏழைப் பெண்கள் தம் பிள்ளைகளின் நாளைய உணவுக்காகத் தாமே மேற்கொள்கின்றனர். விசைப்படகுகளுக்கும் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உண்டு. அந்நாட்களில் கடல் ஓய்வு கொள்கிறது. மீனவர் வீட்டு அடுப்போ ஓய்வு கொள்ள இயலாது. ஆகவே காவலின் சுமையை அவர்கள் மட்டுமே தாங்குமாறு விடுவது நீதியாகாது.

கடலின் பயனும் கடலின் காவலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே முத்துக்கடல் நமக்குக் கற்பிக்கும் பாடம். காத்திருந்த காலத்தில் அது கொடுத்தது. காத்திராது வெட்டியபோது தீவையே இழந்தோம். காக்கும் முறையைக் கரையோர மக்களோடு கலந்து வகுத்தபோது அது நிலைக்கத் தொடங்கிற்று.

இவையெல்லாம் தொலைவிலுள்ள தில்லித் தமிழர்க்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991ஆம் ஆண்டில் பிறந்தது இத்தில்லி மாநகரில்தான். வனவிலங்குச் சட்டமும் இங்கேதான் இயற்றப்பட்டது. நம் குடியிருப்பு அரசாங்க ஊழியர்களின் குடியிருப்பு. அக்கரையைப் பற்றிய கோப்பு என்றேனும் ஒருநாள் நம்முள் ஒருவர் மேசைக்கு வரக்கூடும். அன்று, தாளில் உள்ள பரப்பளவோடு, அக்கடலில் மூழ்கி எழும் பெண்ணின் முகமும் அவர் நினைவுக்கு வர வேண்டும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் குழந்தைகளைக் கொற்கைக்கும் மண்டபத்துக்கும் அழைத்துச் செல்வோம். முத்துத் தோட்டத்தில் வளரும் பிள்ளைகள், முத்து விளைந்த கடலையும், அதனை நம்பி வாழும் மக்களையும் கண்ணாரக் கண்டு வரட்டும்.