பீர்த் தொட்டியில் பிறந்த சோடா



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே பீர் தயாரித்து, 'கெக்' என்னும் எஃகு உருளையில் அடைத்து, அதில் காஸ் ஏற்றுகிறார்கள். "சார், இது எப்படி வேலை செய்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வாத்தியார் பீரைப் பற்றி எழுதுகிறாரே என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவனல்ல. நம் ஊரில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றமும்கூட. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. நாம் குடித்து வளர்ந்த கோலி சோடாவும் அதில் வருகிறது.

ஆண்டு 1767. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. பின்னாளில் ஆக்சிஜனோடு சேர்த்து நீங்கள் பாடத்தில் படித்த அதே பிரீஸ்ட்லிதான். நொதிக்கும் தொட்டிகளின் மேல், கண்ணுக்குத் தெரியாமல் ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்கு ஒரு வாயு தேங்கி நிற்பதைக் கவனித்தார். எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. அணைந்த குச்சியின் புகை அந்த வாயுவோடு கலந்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. காற்றைவிடக் கனமான வாயு என்பதைக் கண்ணால் காட்டிய சோதனை அது. அதுதான் கரியமில வாயு.

அடுத்து, இரண்டு பாத்திரங்களைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, நாம் டீ ஆற்றுவதுபோலத் தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். சில நிமிடங்களில் தண்ணீரில் ஒரு இதமான சுறுசுறுப்பு ஏறியது. மனிதன் செய்த சோடா அப்படிப் பிறந்தது.

பிறகு சுண்ணாம்புக் கல்லில் கந்தக அமிலம் ஊற்றி அதே வாயுவை உண்டாக்கும் முறையை 1772-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வாயுவைப் பிடித்து வைக்கப் பன்றியின் நீர்ப்பையைப் பயன்படுத்தினார். சோடாவில் மூத்திர வாடை அடிக்கிறது என்று நூத் என்ற மருத்துவர் குறை சொன்னதும், அவரே கண்ணாடியில் வேறொரு கருவி செய்ததும் தனிக் கதை. கடலோடிகளின் ஸ்கர்வி நோயை இந்தத் தண்ணீர் தீர்க்கும் என்று பிரீஸ்ட்லி நம்பினார். அது தவறு. அந்த நோய்க்குத் தேவை வைட்டமின் சி. ஆனால் அவர் சொன்ன வழி நிலைத்தது. அவர் அதை வியாபாரமாக்கவில்லை. ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் 1783-இல் அதைத் தொழிலாக்கினார். அந்தப் பெயரில் இன்றும் பாட்டில்கள் விற்கின்றன.

எவ்வளவு வாயு கரையும் என்பதற்குக் கணக்குத் தந்தவர் மான்செஸ்டரின் வில்லியம் ஹென்றி. 1803-இல் வந்த அவருடைய விதியைத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் உருப்போட்டீர்கள்: வெப்பநிலை மாறாதபோது, திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அழுத்தத்துக்கு நேர்விகிதம்.

கெக் முழுக்க முழுக்க இந்த விதிதான். நொதிக்கும்போது வாயுவின் பெரும்பகுதி வெளியே போய்விடுவதால், நொதித்து முடிந்த பீர் தட்டையாக இருக்கும். கெக்கில் ஊற்றி, மூடி, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வாயுவைச் செலுத்துகிறார்கள். பீர் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் போதும். ஒரு வாரம், பத்து நாளில் ஒரு லிட்டர் பீர் சுமார் இரண்டரை லிட்டர் வாயுவைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அதே பீர் 20 டிகிரியில் இருந்தால் இரு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். வெயிலில் வைத்த சோடா ஏன் சீறுகிறது என்பதற்கும் இதுவே பதில்.

ஏற்றிய வாயுவைத் தப்பவிடாமல் காப்பதுதான் அடுத்த சிக்கல். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் வாயுவையே காவலாளி ஆக்கினார். உள்ளிருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். நம் பெட்டிக்கடையில் கட்டைவிரலால் 'டப்' என்று திறந்தது அவருடைய பாட்டிலைத்தான்.

இனி வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள். வீட்டில் பீர் செய்பவர்கள் இன்று வைத்திருக்கும் 19 லிட்டர் கெக் பீருக்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்காவில் பெப்சி, கோக் போன்ற பானங்களின் சிரப்பைக் கடைகளுக்கு அனுப்பச் செய்த பாத்திரம் அது. சிரப் பிளாஸ்டிக் பையிலும் அட்டைப் பெட்டியிலும் வரத் தொடங்கியதும் பழைய கெக்குகள் மலிவாகக் கிடைத்தன. வீட்டில் பீர் செய்வதற்கான மத்தியச் சட்டத் தடையை நீக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டிருந்தார். செய்பவர்கள் பெருகியிருந்த வேளையில் பாத்திரமும் கைக்கு வந்தது. ஒருகாலத்தில் பீர் சோடாவுக்கு வாயுவைக் கொடுத்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து சோடா பீருக்குப் பாத்திரத்தைக் கொடுத்துக் கடனை அடைத்தது.

கடைசியாக, வாத்தியார் புத்தி போகாது, ஓர் எச்சரிக்கை. பிரீஸ்ட்லியின் குச்சியை அணைத்த வாயு மனிதனையும் அணைக்கும். நிறமில்லை, கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். சிலிண்டரை நிலவறையிலோ காற்றோட்டமில்லாத சிறு அறையிலோ வைக்காதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கரியமில வாயுவை உணரும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். கெக்கின் மேலுள்ள அழுத்தம் விடும் வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கினால், காப்பாற்ற அடுத்தவர் உடனே குதிப்பதால்தான் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகிறது. கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்த்த நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். சாக்கடைத் தொட்டியில் மட்டும் அந்தச் சோதனை வேண்டாம். அங்கே தீப்பற்றும் வாயு இருக்கும். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.