துரை பங்களாவின் சாய்மனைக் கதிரை

இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் பங்களா விறாந்தைக்கே உரியதாகக் கருதப்பட்ட தளபாடம், முதுகு நன்கு பின்சாய்ந்து, இருக்கை பிரம்பினால் பின்னப்பட்டு, கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும்படி கைப்பிடிகள் முன்னோக்கி நீண்ட சாய்மனைக் கதிரையாகும். இதன் மரச்சட்டம் நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்க, பின்னலோ தளர்ந்தும் அறுந்தும் போய் மீண்டும் மீண்டும் புதிதாகப் போடப்பட்டு வந்துள்ளது. கதிரையின் உரிமையாளரைப் பற்றி நினைவுக் குறிப்புகள் பல உள்ளன. அதைப் புதுப்பித்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இவ்வகைக் கதிரை மலைநாட்டில் பிறந்ததன்று. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்தில் ஐரோப்பிய மரச்சட்டமும் ஆசியப் பிரம்புப் பின்னலும் ஒன்றுசேர்ந்த இருக்கைகள் அங்கே பரவின. மொறட்டுவைத் தச்சர்கள் தேக்கு, முதிரை, பலா முதலிய மரங்களில் அக்கலையைத் தொடர்ந்தனர். மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தளபாடங்களும் மாட்டு வண்டியிலும், வண்டி ஏறாத ஒற்றையடிப் பாதைகளில் ஆட்களின் தலைச்சுமையாகவும் மேலே சென்றன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்துவந்த காலத்தில், புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது; அதன்பின் கொழும்பிலிருந்து கனத்த கதிரைகளைக் கொண்டுவருவது எளிதாயிற்று.

வெப்பமான கரையோரத்துக்காக உருவான கதிரை குளிர்நாட்டில் குடியேறியது ஆராயத்தக்கது. பின்னலின் கண்களூடே காற்று புகுந்து உடலைக் குளிர்விப்பதே பிரம்பு இருக்கையின் பயன். ஆனால் நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், மாலையில் கணப்பு மூட்டவேண்டிய குளிரில் இருப்பது. எனவே பங்களாவின் உட்கூடத்தில் கணப்பருகே பஞ்சுறை இருக்கைகளும், வெளியே விறாந்தையில் பிரம்புக் கதிரையும் எனப் பணி பிரிந்தது. பிரம்பின் மீது தென்னந்தும்போ இலவம் பஞ்சோ அடைத்த மெத்தை இடப்படுவதும் உண்டு. மூடுபனியின் ஈரத்தில் மெத்தை பூஞ்சணம் பிடித்தது. கணப்பருகே இழுத்துப் போட்டால் பிரம்பு காய்ந்து முறிந்தது. இரு வழியிலும் கதிரைக்குப் பழுது வந்தது. பழுது பார்ப்பவருக்கு வேலையும் வந்தது.

அவ்வேலை நுட்பமானது. பிரம்புக்கொடியின் பளபளப்பான மேற்றோலைச் சீராகக் கீறி, நீரில் ஊறவைத்து, சட்டத்தைச் சுற்றித் துளைக்கப்பட்ட சிறு துளைகளினூடே நெடுக்காக இருமுறையும் குறுக்காக இருமுறையும் மூலைவாட்டில் இருமுறையும் இழுத்துப் பின்னினால்தான் எண்கோணக் கண்கள் அமைந்த இருக்கை உருவாகும். உலரும்போது பிரம்பு இறுகித் தானே விறைப்படையும். கொழும்பு–கண்டி வீதியிலுள்ள வேவல்தெனிய, ரதாவடுன்ன ஆகிய ஊர்கள் பிரம்பு வேலைக்கு இன்றும் பெயர்பெற்றவை. காட்டுப் பிரம்பு அருகியதாலும், ஆலையில் நெய்த பின்னல் விரிப்பைச் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் ஒட்டும் முறை மலிவானதாலும், துளைக்குத் துளை கையால் பின்னுவோரின் தொகை குறைந்துவிட்டது.

ஐரோப்பாவில் இருக்கையின் உட்பொருள் வேறு வழியில் மாறியது. 1951இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற மார்க்கோ சனூசோவின் ‘லேடி’ நாற்காலி, இறப்பர் பாலை நுரைக்கச் செய்து உருவாக்கிய மெத்தையைக் கொண்டிருந்தது. அத்தகைய நுரை சில பத்தாண்டுகளில் உலர்ந்து பொடியாகிவிடுவதால், அக்கால இத்தாலிய நாற்காலிகள் இன்று புதிதாக அடைத்து உறையிடப்படுகின்றன. 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் நடப்பட்ட ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா இலங்கையிலேயே உள்ளது என்பதால் இச்செய்தி இங்கும் பொருத்தமுடையது.

துரை அமர்ந்திருக்கத் தொழிலாளர் நின்றே பேசிய ஒழுங்கின் அடையாளமாகவும் இக்கதிரை இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறைகளில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறைக் குடியிருப்புகளில், குடும்பமாக வாழ்ந்தோருக்கு அத்தகைய கதிரையைப் போட இடமே இல்லை. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பங்களாக்கள் சில 2005 முதல் சுற்றுலா விடுதிகளாயின. இத்தகைய விடுதிகளில் பழைய கதிரைகள் புதுப் பின்னலுடன் மீண்டும் மதிப்புப் பெறுகின்றன. அவற்றைப் புதுப்பிப்போர் மரத்தின் வயதையும் பழைய துரையின் பெயரையும் பதிவதோடு நின்றுவிடாமல், பின்னியவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் இருக்கையின் அடிச்சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.