லிப்சால்வ் போன தூரம்

ஒரு மென்பொருளை நிறுவச் சொல்கிறோம். அது ஓட வேறு சில பொதிகள் வேண்டும், அவற்றுக்கு இன்னும் சில வேண்டும், அவற்றில் இரண்டு ஒரே கணினியில் சேர்ந்து இருக்கவே முடியாது. கல்யாணப் பந்தியில் இன்னார் வந்தால்தான் உட்காருவேன், இன்னார் இருந்தால் எழுந்துவிடுவேன் என்று ஆளுக்கொரு நிபந்தனை போட்டால் இலை போடுகிறவர் படும் பாடுதான், பொதிகளை நிறுவித் தரும் பொதி மேலாளர் மென்பொருளின் பாடும். 2006இல் ஈடோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் இது என்பி-முழுமை வகைக் கணக்கு என்று நிறுவினார்கள். எந்த நிலையிலும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் தெரியாத கணக்கு அது.

அதே 2006இல் சூசே லினக்ஸ் 10.1 வெளியானது. நோவெல் நிறுவனம் ஜிமியனையும் சூசேயையும் அடுத்தடுத்து வாங்கியிருந்ததால், அவற்றின் பொதி மேலாண்மைக் கருவிகளான ஜிமியனின் ரெட் கார்ப்பெட்டும் சூசேயின் யாஸ்டும் லிப்ஜிப் என்ற ஒரே லைப்ரரியில் இணைக்கப்பட்டன. விளைந்தது வேகமில்லாத கருவி. பயனர்கள் பொறுமை இழந்தார்கள். 2007இல் சூசேயின் மிக்கேல் ஷ்ரோடர் விடைகாணும் பகுதியை அடியிலிருந்து எழுதத் தொடங்கினார். 2008 ஜூனில் வந்த ஓப்பன்சூசே 11.0 அதைப் பயன்படுத்தியது. பின்னாளில் லிப்சால்வ் என்று பெயர் பெற்றது அதுதான்.

அவர் செய்தது என்ன? ‘அ வேண்டுமென்றால் ஆ அல்லது இ வேண்டும்’ என்பதை ‘அ இல்லை, அல்லது ஆ உண்டு, அல்லது இ உண்டு’ என்ற தர்க்க வாக்கியமாக்கினார். மோதலும் அப்படியே: ‘அ இல்லை, அல்லது ஈ இல்லை’. இத்தகைய வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடையைத் தேட, ஸ்வீடனில் பிறந்த மினிசாட் போன்ற விடைகாணிகள் ஏற்கெனவே வழி காட்டியிருந்தன. பொதிப் பெயர்களையும் பதிப்புகளையும் எழுத்தாக வைக்காமல் எண்களாக மாற்றி அகராதியில் சேமித்ததால் நினைவகமும் மிச்சமானது, வேகமும் கூடியது. விடை கிடைக்காவிட்டால் எந்த நிபந்தனைகள் முட்டிக்கொண்டன என்றும் அது சொல்லும்.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. எது சாத்தியம் என்பதை லிப்சால்வ் கணக்கிடும். எது விருப்பம் என்பதைப் பயன்படுத்துகிறவர் தீர்மானிக்கலாம். ஒரு பொதியைத் தந்த நிறுவனம் மாறினால் சூசே கேட்காமல் ஏற்காது. ரெட் ஹேட்டின் ஆதரவில் உருவாகும் ஃபெடோரா இயல்பாகவே ஏற்கும். இரண்டுக்கும் ஒரே நிரல், ஒரு சுவிட்சு மட்டும் வேறு. அடுத்தவர் வீட்டு வழக்கத்துக்கு இப்படி இடம் விட்டதால்தான் சந்தையில் சூசேயோடு போட்டியிடும் ரெட் ஹேட்டும் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஃபெடோராவின் பழைய யம் கருவிக்கு மாற்றாக டிஎன்எஃப் லிப்சால்வின் மேல் கட்டப்பட்டது. 2015இல் ஃபெடோரா 22 அதையே இயல்பாக்கியது. சூசேயும் ஃபெடோராவும் பகிரும் ஆர்பிஎம் பொதி வடிவத்தில் புதிதாக ஒரு சார்பு வகை வந்தால் அதைக் கற்பிக்க வேண்டிய இடம் இப்போது ஒன்றுதான். ஹைக்கு இயங்குதளமும் இதே லைப்ரரியை ஏற்றது.

பிஎச்பி நிரல்மொழியின் உலகத்துக்குப் போனபோது லிப்சால்வ் மொழி மாறியது. 2011இல் நில்ஸ் ஆடெர்மனும் ஜோர்டி பொஜியானோவும் தொடங்கிய கம்போசர் என்ற பொதி மேலாளரின் விடைகாணி, லிப்ஜிப்பின் இந்த விடைகாணியை பிஎச்பியில் பெயர்த்ததிலிருந்து பிறந்தது. சி மொழி நிரலைத் தொகுக்க வழியில்லாத வாடகை சர்வர்களிலும் கம்போசர் ஓட வேண்டியிருந்ததால் அது சரியான முடிவு. லிப்சால்வின் பிஎஸ்டி உரிமமும் தடை சொல்லவில்லை. ஆனால் பெயர்த்த நாளோடு உறவு தளர்கிறது: மூலத்தில் திருத்திய பிழை பெயர்ப்புக்குத் தானாக வந்து சேராது, யாராவது பார்த்து மறுபடி எழுத வேண்டும்.

கோண்டா என்ற பொதி மேலாளரின் கதையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அறிவியல் பொதிகள் பெருகப் பெருக, பிகோசாட் என்ற விடைகாணியை நம்பியிருந்த கோண்டா விடை தேடுவதிலேயே நேரத்தைக் கரைத்தது. 2019இல் மாம்பா என்ற மாற்றுக் கருவி லிப்சால்வை இணைத்துக்கொண்டு வேகம் காட்டியது. கோண்டாவின் பதிப்பு விதிகளைப் புரிந்துகொள்ளும் பகுதி மாம்பாவுக்குள் ஒளிந்துகொள்ளாமல் லிப்சால்வின் மூல நிரலுக்கே போய்ச் சேர்ந்தது. 2023இல் கோண்டா 23.10 தன் பழைய விடைகாணியை ஒதுக்கி, மாம்பாவின் லைப்ரரியையே இயல்பாக்கியது. முந்திய திட்டத்தைத் தோற்கடிக்காமல் அதற்குள்ளேயே குடியேறிய போட்டித் திட்டங்கள் அரிது. இரு தரப்பின் பெருந்தன்மையையும் இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

கோண்டா உலகத்திலிருந்தே மீண்டும் ஒரு பெயர்ப்பும் கிளம்பியது. லிப்சால்வை அடியொற்றி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரிசால்வோ, பிக்சி என்ற கருவிக்கு விடை தேடுகிறது. லிப்சால்வுக்கு எல்லாப் பொதி விவரங்களையும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். ரிசால்வோ தேடிக்கொண்டே போகும், ஒரு பொதியின் விவரம் தேவைப்படும் நேரத்தில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.